வெண்புள்ளியும் இரத்த ரிப்போர்ட்டும்

(தோட்ட மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றித் தலைவர் பேசிவிட்டார். நான் உடம்பைப் பற்றிப் பேசப்போகிறேன். உடம்பில் வெள்ளை விழுந்தவர்கள் இரத்த ரிப்போர்ட்டும் கையுமாக அலைகிறார்களே, அதைப் பற்றி. இதைச் சங்கக் கூட்டத்தில் பேசவேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். அப்படி ஒரு ரிப்போர்ட்டால் நம் ஆள் ஒருவருடைய வேலை பறிபோனது. அதனால் பேசத்தான் வேண்டும்.

போன வருஷம் பக்கத்து டிவிசனில் இருந்து ஓர் அக்கா என்னைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அவர் சம்மதம் தந்துதான் இதைச் சொல்கிறேன். பெயர் சொல்லமாட்டேன். வயது 44. இருபது வருஷத்துக்கு மேல் கொழுந்தெடுத்தவர். முழங்கால் வலி வந்த பிறகு பிள்ளைமடுவத்தில் உதவி ஆளாகப் போட்டிருந்தார்கள். அங்கே இருக்கும்போது அவருடைய உதட்டோரத்திலும் விரல் நுனிகளிலும் வெள்ளை விழத் தொடங்கியது. இரண்டு தாய்மார், "அந்தக் கையாலே எங்க புள்ளைக்குப் பால் கரைக்க வேணாம்" என்று சொல்லிவிட்டார்கள். விஷயம் ஒபீசுக்குப் போனது. அங்கே ஒருவர், "இரத்தம் செக் பண்ணி, நோய் இல்லைன்னு ரிப்போர்ட் கொண்டு வாங்க" என்றார்.

அக்கா டவுனுக்குப் போனார். தனியார் லேப் ஒன்றில், தோல் வியாதிக்கு இரத்தம் பார்க்கவேண்டும் என்று கேட்டார். அவர்கள் ஒரு நீளமான பட்டியலுக்கே இரத்தம் எடுத்துவிட்டார்கள். ஆறு நாள் பேர் ஒரு காலையில் போய்விட்டது. வந்த தாளில் ஈ.எஸ்.ஆர். என்ற இடத்தில் 62 என்று இருந்தது. பக்கத்தில் 'கூடுதல்' என்று அடையாளமும் போட்டிருந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டியதும், "பாருங்க, இரத்தத்திலே கோளாறு இருக்கு" என்று சொல்லி, மறுநாள் பெரட்டில் அவரை மறுபடியும் மலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "டீச்சர், என் இரத்தம் கெட்டுப்போச்சா?"

முதலில் வெண்புள்ளி என்றால் என்ன என்று பார்ப்போம். நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்ற பொருள். அதைச் செய்வதற்கென்றே தோலில் தனியான கலங்கள் இருக்கின்றன. ஓ.எல். விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகளுக்கு நிர்ப்பீடனம் என்ற சொல் தெரியும். வெளியில் இருந்து வருகிற கிருமியை எதிர்த்து அழிக்கிற நம் உடம்பின் காவல் அது. வெண்புள்ளி உள்ளவர்களின் உடம்பில் அந்தக் காவல்காரர்களில் சிலர், கிருமி என்று நினைத்து, நிறம் செய்கிற நம் சொந்தக் கலங்களையே தாக்குகிறார்கள். கலம் அழிந்த இடம் வெள்ளையாகிறது.

அங்கே கிருமியே இல்லை. அதனால் இன்னொருவருக்கு ஒட்டாது. தொட்டாலும் ஒட்டாது, ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தாலும் ஒட்டாது, பால் கரைத்துக் கொடுத்தாலும் ஒட்டாது, புருஷன் பெண்சாதியாக வாழ்ந்தாலும் ஒட்டாது. மீனையும் பாலையும் சேர்த்துச் சாப்பிட்டதால் வந்தது என்பதற்கும் ஆதாரம் இல்லை. முன்ஜென்மப் பாவம் என்று சொல்லுகிறவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

உலகத்தில் நூறு இருநூறு பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் இது இருக்கிறது. அதில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இருபது வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. மைக்கல் ஜெக்சனின் பாட்டு நம் லயத்துப் பையன்களின் போனிலும் இருக்கிறது. அவருக்கும் இது இருந்தது. 1993இல் தொலைக்காட்சிப் பேட்டியில் அவரே சொன்னார். அவர் இறந்த ஜூன் 25ஆம் திகதியைத்தான் உலக வெண்புள்ளி தினமாக வைத்திருக்கிறார்கள்.

இனி அந்த இரத்த ரிப்போர்ட்டுக்கு வருவோம். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்க வழக்கமாக மூன்று எண்களைப் பார்ப்பார்கள். தாளைக் கையில் வாங்கும்போது பயப்படாமல் இருக்க, மூன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது ஈ.எஸ்.ஆர். நூறு வருஷத்துக்கு மேலான பழைய சோதனை. இரத்தத்தை ஒரு மெல்லிய குழாயில் நிமிர்த்தி வைத்து, ஒரு மணித்தியாலத்தில் செங்குழியங்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குகின்றன என்று அளப்பார்கள். அழற்சி இருந்தால் இரத்தத்தில் சில புரதங்கள் கூடும். அப்போது செங்குழியங்கள் காசை அடுக்கினது போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சீக்கிரம் இறங்கும். பெண்களுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: வயதோடு பத்தைக் கூட்டிப் பாதியாக்குங்கள். 44 வயது என்றால் 27 வரை சரி. அக்காவுக்கு 62.

ஏன் கூடியது? காய்ச்சல் இருந்தால் கூடும். அட்டை கடித்த இடம் சீழ் பிடித்தால் கூடும். காசநோய், மூட்டு வாதம் இருந்தால் கூடும். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கூடும். இரத்தச்சோகை இருந்தாலும் கூடும். நம் பெண்களில் எத்தனை பேருக்கு இரத்தச்சோகை இருக்கிறது என்று கிளினிக் போகிற உங்களுக்கே தெரியும். அக்காவின் தாளிலேயே நான்கு வரி மேலே ஈமோகுளோபின் 8.2 என்று இருந்தது. பெண்களுக்கு 12 இருக்கவேண்டும். அந்த வரியை ஒபீசில் யாரும் பார்க்கவில்லை. வெள்ளையைப் பற்றிய பயம் கண்ணை மறைத்துவிட்டது.

இரண்டாவது சி.ஆர்.பி. இது ஈரல் செய்கிற ஒரு புரதம். நிமோனியா மாதிரிக் கடுமையான தொற்று வந்தால் சில மணித்தியாலங்களில் ஏறி, குணமாகும்போது இறங்கும். ஒரு லீற்றருக்கு ஐந்து மில்லிகிராமுக்குள் இருப்பது வழக்கம், பெரிய தொற்றில் நூறைத் தாண்டும். வெண்புள்ளி உள்ள பெரும்பாலானவர்களுக்கு இது சாதாரணமாகவே இருக்கும்.

மூன்றாவது, ஃபுல் பிளட் கவுண்ட் தாளில் இருந்து போடுகிற ஒரு கணக்கு. வெண்குழியங்களில் நியூட்ரோபில் என்று ஒரு வகை, லிம்போசைட் என்று இன்னொரு வகை. முதலாவதை இரண்டாவதால் பிரிப்பார்கள். 60ஐ 30ஆல் பிரித்தால் 2. இந்த விகிதம் கூடினால் அழற்சி இருக்கலாம் என்பார்கள். ஆனால் ஒரு தடிமன் காய்ச்சல் வந்துபோனாலே இது மாறிவிடும்.

வெண்புள்ளி உள்ளவர்களுக்கு இந்த எண்கள் கூடியிருக்கின்றனவா என்று பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். சில ஆய்வுகளில் சற்றுக் கூடியிருந்தது. வேறு சில ஆய்வுகளில் வித்தியாசமே இல்லை. பெரும்பாலானவை சிறு எண்ணிக்கையான ஆட்களை வைத்துச் செய்தவை. கூடியிருந்த இடத்திலும், கூடியது அந்தக் கூட்டத்தின் சராசரி மட்டும்தான். ஒரு வகுப்பின் சராசரிப் புள்ளி 54, அடுத்த வகுப்பின் சராசரி 51 என்று வையுங்கள். ஒரு பிள்ளை 53 எடுத்திருக்கிறது. அதை வைத்து அது எந்த வகுப்புப் பிள்ளை என்று சொல்லமுடியுமா? அதே போலத்தான், ஒருவருடைய ஈ.எஸ்.ஆரை வைத்து அவருக்கு வெண்புள்ளி இருக்கிறது, இல்லை, பரவப்போகிறது, பரவாது என்று எதையும் சொல்ல முடியாது. பிறருக்கு ஒட்டுமா என்பதை இந்த எண்கள் எதுவுமே சொல்லாது.

ஏன் இரத்தத்தில் தெளிவாகத் தெரிவதில்லை? சண்டை நடப்பது தோலில், சில இடங்களில் மட்டும். பெக்டரியில் அன்றைக்கு வந்த மொத்தக் கொழுந்தையும் நிறுத்துப் பார்த்து, எந்த மலையில் எந்தச் செடியில் கொப்புள நோய் இருக்கிறது என்று சொல்ல முடியாது. மலைக்குப் போய்ச் செடியைப் பார்க்கவேண்டும். அதனால்தான் தோல் டொக்டர் முதலில் தோலைப் பார்க்கிறார். இருட்டறையில் ஒரு ஊதா விளக்கை அடித்துப் பார்ப்பார். வெண்புள்ளி இருக்கிற இடம் பளிச்சென்று தெரியும். பெரும்பாலும் அதுவே போதும்.

அதற்காக இரத்தத்தை ஆராய்கிறவர்கள் வீண்வேலை செய்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். தோலில் நடக்கிற சண்டைக்கு ஆள் சேர்க்கிற ஒரு செய்திப் பொருளை அவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். சி.எக்ஸ்.சி.எல். 10 என்று பெயர். வெள்ளை பரவிக்கொண்டிருக்கிறவர்களின் இரத்தத்தில் அது கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். அந்தச் செய்தி போகிற வழியை அடைத்தால் என்ன என்று யோசித்த வழியில்தான் ரக்ஸோலிடினிப் என்ற பூச்சு மருந்து வந்தது. 2022இல் அமெரிக்காவில் வெண்புள்ளிக்கு அதை அனுமதித்தார்கள். விலை மிக அதிகம். ஆனாலும் வழி திறந்திருக்கிறது. ஒன்றை மட்டும் ஞாபகம் வையுங்கள்: அந்தச் சோதனை ஆராய்ச்சிக்கூடத்துக்கு உரியது. டவுன் லேபில் "வெண்புள்ளிப் பக்கேஜ்" என்று யாராவது விற்றால் அது வேறு கதை.

அப்படியானால் வெண்புள்ளிக்காரர் இரத்தமே பார்க்கத் தேவையில்லையா? தேவைப்படலாம். வேறு காரணத்துக்காக. முக்கியமானது தைரொயிட். நிறக் கலங்களைத் தாக்குகிற அதே குழப்பம் கழுத்தில் இருக்கிற தைரொயிட் சுரப்பியையும் தாக்கலாம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வெண்புள்ளி உள்ள நூறு பேரில் ஏறக்குறையப் பதினைந்து பேருக்குத் தைரொயிட் கோளாறு இருந்தது. காரணமில்லாத களைப்பு, குளிர் தாங்காமை, உடம்பு பெருப்பது, முடி கொட்டுவது, மாதவிடாய் மாறுவது, இவை இருந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள். டி.எஸ்.எச். என்ற சோதனையை எழுதித் தருவார். தேவையென்று கண்டால் சீனி, ஈமோகுளோபின், பி12 பார்ப்பார். எதைப் பார்ப்பது என்பதை டொக்டர் தீர்மானிக்கட்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் டொக்டர் எழுதிக் கொடுத்தால் அங்கேயே காசில்லாமல் செய்யலாம்.

அக்காவை நாங்கள் அரசாங்க ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்குக் கூட்டிப்போனோம். டொக்டர் விளக்கடித்துப் பார்த்து, வெண்புள்ளி என்று இரண்டு நிமிஷத்தில் சொன்னார். தைரொயிட் பார்த்தார், சரியாக இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொன்னார். இரத்தச்சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையும் பூச்சி மாத்திரையும் கொடுத்தார். மாத்திரையைத் தேத்தண்ணியோடு போடக்கூடாது, சாப்பாட்டோடு சாயம் குடிக்கக்கூடாது என்றார். தேயிலை இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. நாம் பறிக்கிற இலை, நம் இரத்தத்தையே குறைக்கிறது. வெள்ளைக்குப் பூச்சு மருந்தும் தந்தார். முகத்தில் என்றால் நிறம் ஓரளவு திரும்பும், உதட்டிலும் விரல் நுனியிலும் திரும்புவது கஷ்டம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தார்கள். ஈமோகுளோபின் 11க்கு ஏறியிருந்தது. ஈ.எஸ்.ஆர். 24க்கு இறங்கியிருந்தது. விரல் நுனியில் வெள்ளை அப்படியே இருந்தது. அவரை வேலையில் இருந்து தூக்க வைத்த அந்த 62, வெள்ளையைப் பற்றிப் பேசவே இல்லை. அவர் சாப்பாட்டைப் பற்றிப் பேசியது.

இன்னொரு பயத்தையும் தீர்க்கவேண்டும். நம் ஆட்கள் இதை வெண்குஷ்டம் என்கிறார்கள். குஷ்டம் என்ற சொல்லால்தான் பாதித் தொல்லை. தொழுநோய் வேறு, இது வேறு. தொழுநோய்க்குக் கிருமி உண்டு. அந்தத் திட்டு பால் வெள்ளையாக இருக்காது, மங்கலாக அல்லது சிவந்திருக்கும். பஞ்சால் தொட்டால் அந்த இடத்தில் உணர்ச்சி குறைவாக இருக்கும். வெண்புள்ளியில் உணர்ச்சிக்கு ஒரு குறையும் இல்லை. ஹெந்தளையில் ஒல்லாந்தர் 1708இல் தொழுநோயாளருக்கு ஆஸ்பத்திரி கட்டி ஒதுக்கி வைத்த காலத்துப் பயம் இன்னும் நம் வாயில் இருக்கிறது. இன்று தொழுநோயும் மாத்திரையால் முழுதாகக் குணமாகும், மாத்திரை இலவசம். மரத்துப்போன திட்டு இருந்தால் மறைக்காமல் உடனே காட்டுங்கள். வெண்புள்ளியை வெண்புள்ளி என்றே சொல்லுங்கள்.

வேலையோடு சம்பந்தப்பட்ட ஒரு விஷயமும் உண்டு. 1939இல் அமெரிக்காவில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் தொழிலாளர் பலருக்குக் கையில் வெள்ளை விழுந்தது. தேடிப் பார்த்தபோது, கம்பனி கொடுத்த இறப்பர் கையுறையில் கலந்திருந்த ஓர் இரசாயனம் நிறக் கலங்களை அழித்தது தெரியவந்தது. அந்த வகை இரசாயனங்கள் சில ஒட்டுப்பொட்டுப் பசையிலும் இருந்திருக்கின்றன. நெற்றியில் பொட்டு வைக்கிற இடத்தில் மட்டும் வெள்ளை விழுந்தால் அந்தப் பொட்டை நிறுத்திவிட்டு டொக்டரிடம் காட்டுங்கள். கையுறை படுகிற இடத்தில், இறப்பர் செருப்பு வார் படுகிற இடத்தில் விழுந்தால் அந்தக் கையுறையையும் செருப்பையும் கிளினிக்குக் கொண்டுபோங்கள். வெளுக்கிற கிரீம்களிலும் கவனம் வேண்டும். ஜப்பானில் ஒரு வெளுப்புக் கிரீமால் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வெள்ளைத் திட்டு விழுந்து, 2013இல் அதைக் கடைகளில் இருந்து திரும்ப எடுத்தார்கள்.

ஏற்கெனவே வெண்புள்ளி உள்ளவர்களுக்கு, காயம் பட்ட இடத்திலும் விடாமல் உரசுகிற இடத்திலும் புதிதாக விழலாம். கூடைக் கயிறு உரசுகிற இடத்தில் துணியை மடித்து வையுங்கள். வெள்ளை விழுந்த தோல் வெயிலில் சீக்கிரம் பொசுங்கும். நீட்டுக் கை சட்டை போடுங்கள்.

கல்யாணத்தைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். கூடப்பிறந்தவருக்கு இருந்தால் மற்றவருக்கு வருவது நூறில் ஆறு பேருக்கு அளவில்தான். உருவத்தில் ஒன்றாக இருக்கிற இரட்டைப் பிள்ளைகளில் ஒருவருக்கு இருந்தால்கூட மற்றவருக்கு வருவது நூறில் 23 அளவில்தான். பெண் பார்க்க வருகிறவர்கள் கையைத் திருப்பிப் பார்க்கிறார்களாம். அந்தப் பழக்கத்தை விடுங்கள்.

அக்காவின் கதையை முடிக்கிறேன். "இது தொற்றுநோய் அல்ல, பிள்ளைகளோடு வேலை செய்யலாம்" என்று டொக்டர் இரண்டு வரி எழுதித் தந்தார். அந்தக் கடிதத்தோடு தலைவரும் மாதர் தலைவியும் நானும் ஒபீசுக்கு மூன்று தரம் போனோம். மூன்றாவது தரம்தான் மறுபடி பிள்ளைமடுவத்தில் போட்டார்கள். இழந்த மாதங்களில் முழங்கால் வலியோடு ஏறி இறங்கியதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். முதலில் முறைப்பாடு செய்த அந்த இரண்டு தாய்மாரும் நம் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர்கள்தான். ஒபீசுக்கு அந்தக் கத்தியை எடுத்துக் கொடுத்தது நம் கைதான். ஒருவர் இப்போது பிள்ளையை அக்காவிடமே விட்டுவிட்டு மலைக்குப் போகிறார். மற்றவர் இன்னும் பாட்டியிடம்தான் விடுகிறார். அவரோடும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் கூட்டம் நான்கு விஷயங்களை ஏற்கவேண்டும் என்று கேட்கிறேன்.

ஒன்று, வெண்புள்ளிக்காக யாராவது இரத்த ரிப்போர்ட் கேட்டால் காசைக் கொண்டுபோய் லேபில் கொட்டாதீர்கள். கேட்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள், அந்தக் கடதாசியைத் தலைவரிடம் கொடுங்கள்.

இரண்டு, வெள்ளை விழுந்தால் முதலில் தோட்ட டிஸ்பென்சரியில் காட்டி, தோல் கிளினிக்குக் கடிதம் வாங்குங்கள். சிங்களத்தில் பேசச் சிரமம் என்றால் சங்கத்தில் சொல்லுங்கள், கூட ஒருவர் வருவார். பழைய ரிப்போர்ட், சாப்பிடுகிற மருந்து எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள்.

மூன்று, வெண்புள்ளியைக் காரணம் காட்டி ஒருவரை வேலை மாற்றினால், டொக்டர் கடிதத்தோடு ஒபீசில் பேசுவோம். அங்கே தீராவிட்டால் தொழில் அதிகாரியிடம் முறைப்பாடு செய்வோம்.

நான்கு, மருந்து அடிக்கிற ஆட்களுக்குக் கொடுக்கிற கையுறை கிழிந்தால் உடனே மாற்றித் தரவேண்டும் என்று கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்போம்.

"என் இரத்தம் கெட்டுப்போச்சா" என்று கேட்ட அக்காவுக்கு அன்றைக்கு நான், "இல்லை அக்கா, உங்களுக்கு இரத்தம் குறைவாக இருக்கிறது, அவ்வளவுதான்" என்றேன். அவர் இன்றைக்கு நம்மோடுதான் இருக்கிறார். கூட்டம் முடிந்ததும் வெளியே தேத்தண்ணி கொடுக்கப்போகிறவர்களில் அவரும் ஒருவர். வாங்கிக் குடியுங்கள். இரும்பு மாத்திரை போடுகிறவர்கள் மட்டும் ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.